ஐந்து கட்டைக் கிதார்

என் மின்கிதாரின் சுருதி ஐந்து கட்டை. வாசித்தாலும் ஐந்து கட்டை. வாசிக்காமல் மடியில் போட்டுக்கொண்டு பேப்பர் படித்தாலும் ஐந்து கட்டை. ஆம்ப்ளிஃபையரின் சுவிட்சைத் தட்டியதும் 'ம்ம்ம்ம்' என்று ஆரம்பித்துவிடும். இதில் என் பங்கு ஒன்றுமில்லை. நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் ஆடுகிறது. 49 தடவை ஆடினால் மேற்கத்தியக் கணக்கில் 'ஜி', நம் கணக்கில் ஐந்து கட்டை. ஆக, இந்திய மின்சாரம் ஐந்து கட்டையில் கொஞ்சம் தூக்கலாகப் பாடுகிறது. அமெரிக்காவில் 60 தடவை. அது ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவே, எந்த ஆர்மோனியத்திலும் கட்டை இல்லாத இடத்தில் போய் விழுகிறது. இந்த ஒரு விஷயத்திலாவது நாம் அமெரிக்காவைவிடச் சுருதி ஞானம் உள்ள தேசம்.

இந்த ரீங்காரம் எப்படிக் கிதாருக்குள் நுழைகிறது? மின்கிதாரின் வயிற்றில் மைக் கிடையாது. தந்திகளுக்கு அடியில் காந்தத்தை வைத்து, அதைச் சுற்றித் தலைமுடி அளவு மெல்லிய செம்புக் கம்பியைச் சுமார் 8,000 சுற்று சுற்றியிருப்பார்கள். அதுதான் பிக்கப். மேலே எஃகுத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் குலுங்கும். சுருளில் துளி மின்சாரம் பிறக்கும். 1831-இல் ஃபாரடே கண்டுபிடித்த விஷயம்தான், புதிதாக ஒன்றுமில்லை. சங்கடம் என்னவென்றால், குலுங்குவது தந்தியாலா, பக்கத்து அறை ஃபிரிட்ஜாலா என்று அந்தச் சுருளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. எட்டாயிரம் சுற்றும் ஒற்றுமையாக எல்லாவற்றையும் வாங்கி ஆம்ப்ளிஃபையரிடம் ஒப்படைத்துவிடும்.

சுருளுக்குத் திசையும் உண்டு. டிரான்ஸ்ஃபார்மர், மோட்டார் வகையறாக்களின் காந்தப்புலத்துக்குக் குறுக்கே திரும்பி நின்றால் 'ம்ம்ம்' கணிசமாகக் குறையும். எங்கள் ஹாலில் அந்தப் புண்ணிய ஸ்தலம் ஷூ ஸ்டாண்டுக்கும் வாசல் கதவுக்கும் நடுவே இருக்கிறது. சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். என் வாசிப்பைக் கேட்க வந்த உறவினர்கள் என் முதுகை மட்டுமே தரிசித்திருக்கிறார்கள். "மாப்பிள்ளைக்குக் கூச்ச சுபாவம்" என்று பெரியம்மா ஒருத்தி ஊரெல்லாம் சொல்லி, எனக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தாள்.

'ம்ம்ம்' போதாதென்று 'கர்ர்ர்' வேறு. இது ஃபேன் ரெகுலேட்டரின் கைங்கர்யம். உள்ளே இருக்கும் டிரையாக், மின்சார அலையை நொடிக்கு நூறு தடவை நறுக்கி நறுக்கி அனுப்புகிறது. நறுக்கும் சத்தம் கிதாரில் கேட்கும். ஆகவே வாசிக்கும் நேரத்தில் ஃபேனை நிறுத்த வேண்டும், டியூப் லைட்டையும் அணைக்க வேண்டும். மே மாதத்துச் சென்னையில், இருட்டில், காற்றில்லாமல் உட்கார வைத்து ப்ளூஸ் வாசித்துக் காட்டினால், ப்ளூஸ் என்கிற சங்கீதம் உலகத்தில் எதற்காகத் தோன்றியது என்பதை யாருக்கும் தனியாக விளக்க வேண்டியதில்லை.

"என்னங்க, ஒண்ணு அதை ரிப்பேர் பண்ணுங்க, இல்லை கரண்ட் இல்லாத கிதாரா வாங்குங்க" என்றாள் மனைவி. இதில் முதல் பாதி மட்டும் என் காதில் விழுந்தது. பிக்கப்பை மாற்றுவதென்று தீர்மானித்தேன்.

பிக்கப் மாற்றப் புறப்படுகிறவன் கைக்கு முதலில் வந்து சேர்வது இலக்கியம். ஒன்றில் 'வெண்ணெய்' இருக்கிறதாம், இன்னொன்றில் 'கண்ணாடி' தெரிகிறதாம், மூன்றாவதில் 'புகை' அடிக்கிறதாம். காந்தத்தின் பெயர் அல்நிக்கோ. அலுமினியம், நிக்கல், கோபால்ட் மூன்றின் முதலெழுத்துகளைச் சேர்த்துச் செய்த பெயர். இதில் எண் உண்டு. இரண்டாம் எண் சாது, ஐந்தாம் எண் துடுக்கு என்று ஜாதகம் எழுதி வைத்திருக்கிறார்கள். தடையை ஓமில் அளந்து, எண் பெரிதாக இருந்தால் பிக்கப்பும் பலசாலி என்று பந்தயம் கட்டுகிறவர்களும் உண்டு. கம்பியை மெலிதாக்கினாலே ஓம் ஏறிவிடும் என்பதை அவர்களிடம் சொல்லிப் பயனில்லை.

இந்த இலக்கியத்தில் புராணமும் உண்டு. ரீங்காரத்தை ஒழித்தவர் ஸெத் லவர். கிப்சன் கம்பெனி எஞ்சினியர். இரண்டு சுருளை எதிரெதிராகச் சுற்றி, காந்த முனைகளையும் மாற்றி வைத்தார். வெளியிலிருந்து வரும் 'ம்ம்ம்' இரண்டிலும் எதிர்மறையாக விழுந்து ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும். தந்தியின் ஒலி மட்டும் கூடும். அதற்கு ஹம்பக்கர் என்று பெயர். 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1957 முதல் கிதார்களில் வந்தது. அடியில் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டிருக்கிறது' என்று ஒரு சின்ன ஸ்டிக்கர். 1959-இல் காப்புரிமை கிடைத்த பிறகும் சில காலம் அதே ஸ்டிக்கரை ஒட்டினார்கள். அப்புறம் ஒருவழியாக எண் அச்சடித்த ஸ்டிக்கர் வந்தது. அந்த எண், கிதார்க் கலைஞர் லெஸ் பால் பெயரில் இருந்த வேறொரு காப்புரிமையின் எண்! தந்திகளைக் கட்டும் வால்பகுதிக்காக வாங்கியது. இன்று அந்த 'விண்ணப்பிக்கப்பட்டிருக்கிறது' ஸ்டிக்கருள்ள பழைய பிக்கப் லட்சங்களில் விலை போகிறது. மனு நிலுவையில் இருப்பதற்கு இவ்வளவு மதிப்பு என்றால், நம் ஊரில் கோடீஸ்வரர்கள் நிறையப் பேர் இருக்க வேண்டும்.

இன்னொரு கிதார் கம்பெனியான ஃபெண்டர் தரப்புப் புராணத்தின் நாயகி அபிகேல் இபாரா. 1956-இல் வேலைக்குச் சேர்ந்து, பல பத்தாண்டுகள் பிக்கப் சுற்றியவர். கம்பியைக் கையால் வழிநடத்திச் சுற்றியதால் ஒரு பிக்கப் மாதிரி இன்னொன்று இருக்காது. இயந்திரம் வந்து எல்லாம் ஒரே சீராக ஆனதும், 'அந்தச் சீரில்லாமை எங்கே போயிற்று?' என்று ரசிகர்கள் ஏங்க ஆரம்பித்தார்கள். இப்போது இயந்திரம் சுற்றியதைவிடக் கை சுற்றியதற்கு விலை அதிகம். என் வாசிப்பிலும் அந்தச் சீரில்லாமை நிறைய உண்டு. அதற்கு மட்டும் யாரும் விலை கேட்டு வரவில்லை.

மச்சினன் அமெரிக்காவிலிருந்து வருகிறான் என்றதும், ஒற்றைச் சுருள் பிக்கப் மூன்று, அல்நிக்கோ ஐந்து, கூடவே புது வால்யூம் கன்ட்ரோல், சுவிட்ச் எல்லாம் சொல்லி அனுப்பினேன். விலையை மனைவியிடம் டாலரில் சொன்னேன். பெருக்குவது அவரவர் விருப்பம். அவள் பெருக்கிவிட்டாள். "கிதாரே இவ்வளவு இல்லையே?" என்றாள். கிதாரைவிடக் கிதாரின் உறுப்பு விலை அதிகம் என்பது இந்தத் துறையில் சகஜம் என்று விளக்கினேன். அவள் முகத்தில் அந்தச் சகஜம் தெரியவில்லை.

மச்சினனோடு கும்பகோணத்திலிருந்து மாமாவும் அத்தையும் வந்து இறங்கினார்கள். என் மாமனார் அந்தக் காலத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். வால்வு ரேடியோவில் ஆரம்பித்து, டேப் ரெக்கார்டர், போர்ட்டபிள் டி.வி. வரைக்கும் வைத்தியம் பார்த்தவர். பொட்டலத்தை நான் பிரிப்பதற்குள் ஆம்ப்ளிஃபையர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"போடுங்க மாப்பிள்ளை, கேப்போம்."

போட்டேன்.

"தந்தியைத் தொடுங்க. குறையுதா? கையை எடுங்க. கூடுதா? அப்ப ஆண்டெனா நீங்கதான்."

நான் மறுக்க முடியாத நிலையில் இருந்தேன். நம் உடம்பு வீட்டு ஒயரிங்கின் இரைச்சலை வாங்கிப் பிக்கப்பில் விடுகிறது. தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் வழியாக ஆம்ப்ளிஃபையரின் உலோக உடலோடு சேர்ந்த தந்தியைத் தொட்டால் நம் உடம்பும் அதோடு சேர்ந்து இரைச்சல் இறங்குகிறது. மாமா இதற்கெல்லாம் விளக்கம் சொல்லவில்லை. நேராக பிளக் பாயின்ட்டுக்குப் போனார். டெஸ்ட் லாம்ப்பை ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் வைத்தார், எரிந்தது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் வைத்தார், எரியவில்லை. கழற்றிப் பார்த்தால், வீட்டுக்கு ஒயரிங் செய்த மகானுபாவர் மூன்றாவது ஓட்டையை அழகுக்காக மட்டும் விட்டிருந்தார். அதன் பின்னால் ஒயரே இல்லை.

மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து எர்த் இழுத்துக் கொடுத்தார். ஆம்ப்ளிஃபையரைப் போட்டேன். 'கர்ர்ர்' காணோம். சன்னமாக 'ம்ம்ம்' மட்டும் இருந்தது.

"பாதி வியாதி போயிடுச்சே, அந்தப் பொட்டலத்தைத் திருப்பிக் குடுத்துடலாமா?" என்றாள் மனைவி. வியாதி குணமானாலும், வாங்கிய மருந்தைச் சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும் என்ற கொள்கையில் நான் உறுதியாக இருந்தேன்.

ரிச்சி தெருவுக்கு மாமாவும் நானும் போனோம். ஈயமும் கண்டன்சரும் வாங்க வேண்டும். டோனுக்கு வேண்டியது பாயின்ட் ஓ ஃபோர் செவன் மைக்ரோ கண்டன்சர். மேலே 473 என்று போட்டிருக்கும். இதிலும் பழங்காலத்து எண்ணெய்க் காகித கண்டன்சர்தான் உயிரோட்டம் தரும் என்று ஒரு கட்சி இருக்கிறது. அதற்கும் தனி விலை. கடைக்காரரிடம், "உயிரோட்டமா ஏதாவது இருக்கா?" என்று கேட்க வாயெடுத்தேன்.

மாமா முந்திக்கொண்டார். "ஃபோர் செவன் த்ரீ, பத்து குடுப்பா."

"ஒண்ணு போதுமே மாமா?"

"சில்லறை இல்லைன்னு சொல்லுவான்."

கண்டன்சரின் அளவு சரியாக இருந்தால் போதும், அது எந்தச் சட்டை போட்டிருக்கிறது என்று மின்சாரம் பார்க்காது என்பது மாமாவின் சித்தாந்தம். வீட்டுக்கு வந்து கிதாரின் முகப்புத் தகடான பிக்கார்டைத் திருப்பிப் போட்டதும் அவர் முகத்தில் பெரிய ஏமாற்றம். "இவ்வளவுதானா? மூணு சுருள், மூணு கன்ட்ரோல், ஒரு சுவிட்ச், ஒரு கண்டன்சர். பாக்கெட் ரேடியோவுல கால்வாசி கூட இல்லையே! இதுக்கா இத்தனை புத்தகம் படிச்சீங்க?"

சற்று நேரம் ஒயர்களைக் கண்ணால் தொடர்ந்தார். "மூணு பிக்கப்புக்கு ரெண்டு டோன் கன்ட்ரோல். பிரிட்ஜ் பக்கத்துல இருக்கிற இதுதானே அதிகமா கீச்சிடும்? அதுக்குப் போய் டோனே குடுக்கலையே! இதை டிசைன் பண்ணவனுக்கு கிதார் வாசிக்கத் தெரியுமா?"

"தெரியாது மாமா" என்றேன். உண்மைதான். என் கிதாரின் மூல வடிவமான ஸ்ட்ராடோகாஸ்டரை 1954-இல் கொண்டுவந்த லியோ ஃபெண்டருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். 1938-இல் ஆரம்பித்த கடை.

மாமாவின் குரல் உடனே மாறியது. "ரேடியோ மெக்கானிக்கா? அப்ப காரணம் இல்லாம செஞ்சிருக்க மாட்டான்."

ஃபெண்டர் மூன்று பிக்கப்புக்கு மூன்று நிலை சுவிட்ச்தான் வைத்தார். வாசிப்பவர்கள் அதை இரண்டு நிலைகளுக்கு நடுவே தொங்கலில் நிறுத்தி, இரண்டு பிக்கப்பையும் சேர்த்து ஒலிக்க வைத்தார்கள். அந்த ஒலி உலகப் புகழ் பெற்றது. கம்பெனி ஐந்து நிலை சுவிட்சைக் கொடுத்தது 1977-இல். வாடிக்கையாளர் கேட்டதைச் செய்து கொடுக்க இருபத்து மூன்று வருஷம். "இதுலயும் நம்ம தொழில் தர்மம் தெரியுது பாருங்க" என்றார் மாமா பெருமையோடு. புது செட்டில் நடுப் பிக்கப்பை எதிர்ப்பக்கமாகச் சுற்றி, காந்த முனையையும் மாற்றியிருந்தார்கள். ஆகவே அந்த இரண்டு நடு நிலைகளிலும் ஸெத் லவரின் தத்துவப்படி ரீங்காரம் தானாக அடங்கிவிடும்.

வேலை தொடங்கியது. புது வால்யூம் கன்ட்ரோலின் கழுத்து அங்குலக் கணக்கு; என் கிதாரின் ஓட்டை மில்லிமீட்டர் கணக்கு. உள்ளே போகவில்லை. "நயா பைசா வந்தப்பவே நாம அங்குலத்தை விட ஆரம்பிச்சாச்சு, இவங்க இன்னும் விடலையா?" என்று மாமா உருட்டு அரத்தை எடுத்து ஓட்டையைப் பெரிதாக்கினார். கன்ட்ரோலின் முதுகில் எர்த் ஒயரைப் பற்றவைக்க என்னிடம் இருந்த 25 வாட் சால்டரிங் அயர்ன் லாயக்கில்லை. அத்தனை உலோகமும் சூட்டைக் குடித்துவிடும். ஈயம் ஒட்டாமல் உருண்டு நிற்கும். மாமா தன் பெட்டியிலிருந்து ஒரு பெரிய அயர்னை எடுத்தார். கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு மகள் வீட்டுக்கு வருகிறவர் அதை எதற்குக் கொண்டுவந்தார் என்று நான் கேட்கவில்லை. முதுகை உப்புத்தாளால் தேய்த்து, ஒரே தொடலில் பற்றவைத்தார். பளபளவென்று பரவியது.

"இப்படி இருந்தா ஜாயின்ட். மங்கலா, உருண்டையா இருந்தா டிரை சால்டர். உங்க ஜாக்குல இருக்கு பாருங்க, சரியான டிரை சால்டர். ஒயரை ஆட்டினா கரகரன்னு வருமே?"

வரும். பல காலமாக வருகிறது. அதைப் பிக்கப்பின் 'குணாதிசயம்' என்று நான் நண்பர்களிடம் சொல்லி வந்தேன்.

பற்றவைத்த புகை சமையலறை வரை போனது. "சாயங்காலம் ஆகலையே, யாரு சாம்பிராணி போட்டது?" என்று அத்தை எட்டிப் பார்த்தார்.

நடுவே மாமாவுக்கு ஒரு யோசனை. "இந்த டோனையெல்லாம் தூக்கிட்டு வால்யூம் மட்டும் வெச்சா என்ன?" ராக் கிதார்க் கலைஞர் எடி வான் ஹேலன் அதைத்தான் செய்தார் என்றேன். ஸ்ட்ராட் வடிவ உடம்பில் ஒரு கிப்சன் ஹம்பக்கரைப் பொருத்தினார். மற்ற ஒயர்களை எப்படித் திரும்பக் கோர்ப்பது என்று தெரியாததால் வால்யூம் ஒன்றை மட்டும் இணைத்தார். அந்தக் குமிழின் மேல் எழுதியிருந்தது 'டோன்'. 1978-இல் வந்த அவருடைய முதல் ஆல்பத்துக்குப் பிறகு, அந்த அரைகுறை ஒயரிங்கைக் காப்பியடிக்காத ஊரே இல்லை. மாமாவுக்கு இது பிடிக்கவில்லை. "ரிப்பேர் பாதியில நின்னா அதுக்குப் பேரு ஸ்டைலா? எங்க கடையில அப்படிக் குடுத்திருந்தா அடிச்சிருப்பான்."

எல்லாம் முடிந்து தந்தி மாட்டியதும் பரீட்சை. மாற்றுவதற்கு முன்பே பழைய பிக்கப்பில் வாசித்து செல்போனில் பதிவு செய்து வைத்திருந்தேன். அதையே புதியதிலும் வாசித்துப் பதிவு செய்தேன். எது எதுவென்று சொல்லாமல் மகளை விட்டு மாற்றி மாற்றிப் போடச் சொன்னேன். மனைவி, "ரெண்டாவது நல்லா இருக்கு" என்றாள். இரண்டாவது, பழையது. மகள், "ரெண்டும் ஒண்ணுதானே?" என்றாள். மாமா, "கரகரப்பு போயிடுச்சு" என்றார். அது பிக்கப்பின் வேலை அல்ல, ஜாக்கின் வேலை. மூன்று பேருக்கும் மிக்ஸி சத்தத்தில் காது பழகிவிட்டது என்பது என் கருத்து. இதை நான் உரக்கச் சொல்லவில்லை.

கடைசியில் அத்தையிடம் கேட்டேன்.

"மாண்டலின் ஸ்ரீநிவாஸ் வாசிப்பாரே, அந்த மாதிரி வருமா?" என்றார்.

"அவர் வாசிச்சதும் இதே வித்தைதான் அத்தை. எலெக்ட்ரிக் மாண்டலின், ஐந்து தந்தி. பிக்கப் இருந்ததாலதான் ஒலி நீண்டு நின்னு கமகம் பேசிச்சு. சாதா மாண்டலின்ல ஒலி சட்டுனு அணைஞ்சுடும்."

அத்தை கொஞ்சம் யோசித்தார். "அப்ப கருவியில ஒண்ணும் குறையில்லைங்கற."

பேச்சு வேறு திசையில் போவதற்குள் மாமா ஸ்க்ரூ டிரைவரோடு வந்தார். பிக்கப்பின் இரண்டு பக்கமும் இருக்கும் திருகுகளை மெல்லத் திருப்பினார். தந்தியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்தால் பிக்கப்புக்கும் தந்திக்கும் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். தடித்த தந்திப் பக்கம் கொஞ்சம் கூடுதல். நான் ஒலி பெரிதாக வரட்டும் என்று தந்தியை முட்டும் அளவுக்குத் தூக்கி வைத்திருந்தேன். அவ்வளவு கிட்டே போனால் காந்தம் தந்தியைப் பிடித்து இழுக்கும்; ஸ்வரம் தள்ளாடும். மாமா இறக்கினார். திரும்ப வாசித்தேன். ஹாலில் இருந்த எல்லோரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்து பார்த்தார்கள். "இப்பதாங்க நல்லா இருக்கு!" என்றாள் மனைவி. செலவு, பூஜ்ஜியம். டாலரிலும் பூஜ்ஜியம்தான்.

எனவே மின்கிதார் வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு பிளக் பாயின்ட்டில் எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இது வேடிக்கை இல்லை. 1972-இல் வேல்ஸ் நாட்டு ஸ்வான்ஸீயில் லெஸ் ஹார்வி என்ற ஸ்காட்லாந்துக் கிதார்க் கலைஞர், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிரை விட்டார். அடுத்து ஜாக்கின் ஈயத்தைப் பாருங்கள். அதற்கும் அடுத்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பிக்கப்பின் உயரத்தைச் சரி செய்யுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் திருப்தி இல்லையென்றால் தாராளமாகப் பிக்கப்பை மாற்றுங்கள், நான் தடுக்க மாட்டேன். ஆனால் பழைய பிக்கப்பில் பதிவு செய்ததை வீட்டில் யாருக்கும் போட்டுக் காட்டாதீர்கள்.